அக்கா நின்ற இடம்

கோல் விழுந்தால் ஊர் திட்டுவது கோல்கீப்பரைத்தான். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், போன ஆட்டத்தில் விழுந்த கோலுக்கு நான் பொறுப்பில்லை. சின்னவளும் பொறுப்பில்லை. ஆனால் கோச் பிடித்துக்கொண்டது அவளைத்தான்.

சின்னவளும் பெரியவளும் கூடப்பிறந்தவர்கள். எங்கள் கால்பந்து கிளப்பில் எனக்கு முன்னால் நின்று தடுத்தாடுகிறவர்கள். பெரியவள் பல வருடமாகச் சம்பளத்துக்கு ஆடுகிறாள். சின்னவள் படிப்பை முடித்த கையோடு வந்தவள், இன்னும் தற்காலிக ஒப்பந்தம்தான். வயதில் சிறியவளானாலும் பந்து எங்கே வரப்போகிறது என்பது அவளுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். அதனால் குரல் கொடுக்கிற வேலை அவளுடையது. அவள் "ஏறு" என்று கத்தினால் தடுப்பு வரிசை மொத்தமும் ஒன்றாக முன்னால் போக வேண்டும். எதிரணிக்காரி அந்த வரிசைக்குப் பின்னால் தனியாக மாட்டிக்கொள்வாள். அவளுக்குப் பந்து போனால் ஆஃப்சைடு, கோட்டு நடுவரின் கொடி உயர்ந்துவிடும், கோல் போட்டாலும் செல்லாது. ஒருத்தி பின்தங்கினாலும் காரியம் கெட்டது.

"சனிக்கிழமையும் இப்படி நடுவுல ஓட்டை விழுந்துச்சுன்னா, நீ ஜூனியர் டீமுக்கே போயிடு" என்று கோச் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டுப் போனார்.

சின்னவள் உடைமாற்றும் அறை பெஞ்சில் உட்கார்ந்து கணுக்கால் பிளாஸ்திரியை உரித்துக்கொண்டிருந்தாள். ஒப்பந்தம் போய்விடும் என்ற பயம் முகத்திலேயே தெரிந்தது.

"உங்கக்காதான் பின்னாடி நின்னான்னு வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதானே?" என்றேன்.

"அக்காவ எப்படி மாட்டிவிடறது?"

"சரி, அவகிட்டயாவது சொல்லு."

"நானா? அவளுக்குச் சொல்றதா? நல்லா இருக்கே. அவதான் எனக்கு ஷூ கட்டவே கத்துக்குடுத்தா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேராகப் பெரியவளிடம் போனேன். கண்ணாடி முன்னால் தலை துவட்டிக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி ஏறச் சொன்னா நீ மட்டும் ஏன் ஒரு அடி பின்னாடியே நிக்கிற?"

"அவ சின்னப் பொண்ணு. கோட்டை விட்டுட்டான்னா யாரு பாத்துக்கறது?"

"அப்போ நான் எதுக்கு கோல்ல நிக்கிறேன்? வேடிக்கை பாக்கவா? நீ அவளப் பாத்துக்கிட்டது போதும், தாயே. நீ பாத்துக்கிட்டதுலதான் அவ வேலை போகப்போகுது."

பெரியவளின் முகம் தொங்கிப்போனது. துண்டை மடித்தாள், மறுபடி விரித்தாள். "சரி, இனிமே ஏறறேன்" என்றாள்.

சொல்வது சுலபம். சனிக்கிழமை முதல் பாதியிலேயே பழைய குருடி கதவைத் திறந்தாள். சின்னவள் குரல் கொடுக்க, பெரியவளின் கால் தானாகப் பின்னுக்கு வந்தது. நல்லவேளை, பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. நான் இருவரையும் பார்த்துக் கத்தியது எதுவும் இங்கே எழுதத் தக்கதல்ல.

ஒரு கோல் முன்னிலையில் இருந்தோம். ஆட்டம் முடிகிற நேரம். எதிரணியின் நடு ஆட்டக்காரி பந்தோடு தலைநிமிர்ந்தாள். சின்னவள் கையை உயர்த்தி, "ஏறு" என்றாள். வரிசை ஏறியது. பெரியவள் தயங்கினாள். அப்போதுதான் மைதானம் முழுக்கக் கேட்கும்படி அந்தக் குரல் வந்தது.

"ஏய், முன்னாடி வாடி!"

சின்னவள் பிறந்ததிலிருந்து அக்காவை 'டி' போட்டுக் கூப்பிடாதவள். பெரியவள் திகைத்தாலும் கால் நிற்கவில்லை, தங்கைக்குக் காவல் நிற்பதை விட்டுவிட்டு முன்னால் பாய்ந்தாள். அதற்குப் பிறகுதான் பந்து அவர்கள் தலைக்கு மேல் வந்தது. எதிரணிக்காரி தனியாக என்னை நோக்கி வந்தாள். நான் இடப்பக்கம் விழுந்தேன், பந்து வலப்பக்கம் வலைக்குள் போனது.

மண்ணில் முகம் பதியக் கிடந்தேன். நிமிர்ந்து பார்த்தால் கொடி உயர்ந்திருந்தது. ஆஃப்சைடு. ஐயோ, எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆட்டம் முடிந்ததும் கோச் சின்னவளின் முதுகில் தட்டி, "திங்கக்கிழமை ஆபீசுக்கு வந்து புது ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடு" என்றார். சிரிக்கத்தான் வாய் திறந்தாள். அதற்குள் வாசலில் அவர்களுடைய அம்மா வந்து நின்றார்.

"ஏண்டி, அத்தனை பேரு முன்னாடி அக்காவையா வாடிங்கற? இதுக்கா உன்ன வளத்தேன்?"

சின்னவள் அக்காவைப் பார்க்கவே பயந்து தலையைக் குனிந்துகொண்டாள்.

"அவளத் திட்டாதம்மா" என்றாள் பெரியவள். "அதுக்குத்தான் அவளுக்குச் சம்பளம்."

சொல்லிவிட்டு, வழக்கம்போல் தங்கையின் பையையும் தூக்கக் கையை நீட்டினாள். பாதியில் நிறுத்தி, கையை இழுத்துக்கொண்டு நடந்தாள். சின்னவள் தன் பையைத் தானே தோளில் போட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் ஓடினாள்.