கோல்டன் கஜா சோடா ஒன்று

தார்வாடில் அந்த இன்ஜினீயரிங் கல்லூரியின் வாசல் வளைவில் கட்டிய விளம்பர பேனரில் தும்பிக்கையைத் தூக்கிய தங்க நிற யானை ஒன்று நின்றது. அதன் கீழே ஒரு மீசைக்கார வாலிபன் கண்ணாடி டம்ளரை அண்ணாந்து வாயில் கவிழ்த்துக்கொண்டிருந்தான். 'கோல்டன் கஜா. ஒரே மூச்சு, ஆம்பளைப் பேச்சு.' ஓரத்தில், எறும்பு படிப்பதற்காக எழுதியதுபோல, 'சோடா' என்று ஒரு சொல்.

சோடாவாம், சோடா. அதே பெயரில், அதே யானையோடு விஸ்கி விற்பது ஊரறிந்த விஷயம். விஸ்கிக்கு விளம்பரம் செய்யச் சட்டம் விடாது. அதனால் யானை சோடா வேஷம் கட்டிக்கொண்டு கல்லூரி வாசலிலேயே வந்து நிற்கிறது.

அந்த வளைவுக்குக் கீழேதான் வினுதா நுழைய வேண்டியிருந்தது. செருப்பைக் கழற்றி அந்த மீசையின் மேல் எறிய வேண்டும்போல் அவளுக்குக் கை பரபரத்தது. அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். தெரிந்த பிள்ளைகள் யாராவது பார்த்துவிடப் போகிறார்கள் என்று அடக்கிக்கொண்டாள். அவள் தம்பி ப்ரீதமை ஒரு வருடம் சஸ்பெண்ட் செய்வதாகச் சொல்லிப் பிரின்சிபால் கூப்பிட்டனுப்பியிருந்தார். ஒரு வருடம் வீட்டில் உட்கார்ந்தால் அவன் மறுபடி புத்தகத்தைத் தொடுவான் என்று அவளுக்கு நம்பிக்கை இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் சுவரைப் பார்த்தபடியே கிடக்கிறான்.

நடந்தது இதுதான். கல்லூரி விழாவுக்கு கஜா கம்பெனி ஒரு போட்டி வைத்தது. விளம்பரத்து மீசைக்காரன் மாதிரியே ஒரே மூச்சில் குடித்து வீடியோ போட வேண்டும். அதிகம் பேர் பார்த்தால் டீ-ஷர்ட். எதைக் குடிப்பது என்று கம்பெனி சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியிருக்கவில்லை. அதுவரை பீரைக்கூட ருசி பார்க்காத ப்ரீதம், ஹாஸ்டல் அறையில் நண்பர்கள் கைதட்ட, ஒரு டம்ளர் விஸ்கியை ஒரே மூச்சில் இறக்கிவிட்டுக் கேமராவைப் பார்த்துச் சிரித்தான். வீடியோ அதோடு முடிகிறது. அவன் சரிந்து விழுந்தது, வாந்தி மூச்சுக்குழலை அடைத்தது, ஐ.சி.யூ.வில் குழாய் செருகிக் கிடந்தது, வராந்தாவில் அவனைப் பெற்ற அவ்வா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதது எதுவும் அதில் இல்லை.

பிரின்சிபால் அங்கடியின் அறையில் இன்னொருவனும் இருந்தான். விழா ஏற்பாட்டுக்காக கஜா கம்பெனி அனுப்பிய ஷிஷிர். சம்மனில்லாமல் ஆஜரானவன்போல் நாற்காலியில் சாய்ந்து பேடா தின்றுகொண்டிருந்தான்.

"உங்க வருத்தம் புரியுது மேடம்," என்றார் அங்கடி. "ஆனா நம்ம காலேஜ்ல குடிக்கு இடமே இல்ல. விதின்னா விதிதான்."

"இடமே இல்லையா சார்? வாசல்ல அவ்வளவு பெரிய இடம் குடுத்திருக்கீங்களே."

ஷிஷிர் சிரித்தான். "அது சோடா மேடம். நீங்க சரியா படிக்கல போலிருக்கு. பசங்களைக் குடிக்கச் சொல்லவே மாட்டோம் நாங்க."

வினுதா பையிலிருந்து ஒரு டீ-ஷர்ட்டை எடுத்து மேஜைமேல் விரித்தாள். நெஞ்சில் தங்க யானை.

"தம்பி தொண்டையில குழாய் இருந்தப்ப இது கூரியர்ல வந்துச்சு. எங்க அவ்வாவுக்கு என்ன தெரியும்? பிள்ளைக்குக் காலேஜ்ல ஏதோ பரிசு குடுத்திருக்காங்கன்னு பூஜை ரூம்ல வெச்சு, அவன் பொழைக்கணும்னு கும்பிட்டா."

ஷிஷிர் வாயில் இருந்த பேடாவை மெதுவாக விழுங்கினான்.

"நடந்தது சோடா போட்டிதான் மேடம்," என்றார் அங்கடி கடைசியில். "பையன் தப்பா எடுத்துக்கிட்டான்."

வினுதா டீ-ஷர்ட்டை அவர் பக்கம் இன்னும் தள்ளினாள். குரலை மட்டும் உயர்த்தவில்லை. "சரி சார், சோடான்னே இருக்கட்டும். எனக்குத் தாகமா இருக்கு. ஒரு கோல்டன் கஜா சோடா வரவழைங்க, குடிச்சிட்டுப் போயிடறேன்."

"லெமன் சோடா சொல்லலாமே," என்று ஷிஷிர் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"வேண்டாம். உங்க சோடாதான் வேணும்."

தொல்லை விட்டால் போதும் என்று அங்கடி ப்யூன் யெல்லப்பாவைக் கூப்பிட்டு ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினார். "மேடத்துக்கு வாசல்ல போட்டிருக்கே, அந்தச் சோடா ஒண்ணு வாங்கிட்டு வா."

"சார், இப்ப ஸ்டாக் இருக்காது," என்று ஷிஷிர் எழுந்தான். அதற்குள் யெல்லப்பா படியிறங்கிவிட்டார். வெற்றிலைகூடப் போடாத மனுஷன். கழுத்தில் லிங்கம், நெற்றியில் பட்டை விபூதி. ஷிஷிர் இரண்டு முறை வாசல்வரை போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தான்.

யெல்லப்பா வியர்த்து வழியத் திரும்பி வந்து, செய்தித்தாளில் சுற்றிய ஒன்றை மேஜைமேல் வைத்தார். "நாலு கடை ஏறி இறங்கிட்டேன் சார். எல்லாரும் சிரிக்கிறான். கடைசியில சர்க்கிள் பக்கத்துல கம்பி வலை போட்ட ஒரு கடையில பேரைச் சொன்னதும் எடுத்துக் குடுத்துட்டான். சின்ன பாட்டில்தான் இருந்துச்சாம். சோடாவுக்குப் போய் இவ்வளவு விலையா சார்? மிச்சம் இந்தாங்க."

அங்கடி காகிதத்தைப் பிரித்தார். உள்ளே தங்க யானை ஒட்டிய கால் பாட்டில் விஸ்கி.

"என்னய்யா இது? காலேஜுக்குள்ள சாராயத்தைக் கொண்டு வந்திருக்க."

யெல்லப்பா மிரண்டுபோனார். "நீங்கதானே சார் சொன்னீங்க. படம் அதேதான். நல்லாப் பார்த்துத்தான் வாங்கினேன்."

"இவரையும் ஒரு வருஷம் சஸ்பெண்ட் பண்ணுங்க சார்," என்றாள் வினுதா. "தலை நரைச்ச மனுஷர், உங்க வாயால கேட்டுட்டுப் போனவர், அவருக்கே இதுதான் கிடைச்சுது. என் தம்பிக்கு வயசு பத்தொம்பது. அவன் மட்டும் தப்பா எடுத்துக்கிட்டானா?"

அங்கடி நாற்காலி முதுகில் கிடந்த துண்டால் பாட்டிலை மூடினார். ஷிஷிரைப் பார்த்தார். அவன் போனில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டான்.

"சஸ்பென்ஷன் கிடையாது மேடம்," என்றார் தாழ்ந்த குரலில். "நாளைக்கே பையன் கிளாஸுக்கு வரட்டும். பேனர் பேச்சு மட்டும் வேண்டாம். விஷயம் இந்த ரூமோட முடியட்டும்."

வந்த காரியம் முடிந்துவிட்டது. வீட்டுக்குப் போய் அவ்வாவிடம் சொன்னால் அவள் இன்று வயிறாரச் சாப்பிடுவாள். ஆனால் நாளைக் காலையில் ப்ரீதம் அந்த யானைக்குக் கீழேதான் நடந்து வருவான். அவன் பின்னால் எத்தனையோ அக்காக்களின் தம்பிகள் வருவார்கள். தம்பியின் படிப்பைக் கொடுத்து அவள் வாயை அடைக்கப் பார்க்கிறார் இந்த ஆள்.

துண்டை விலக்கிப் பாட்டிலை எடுத்தாள். டீ-ஷர்ட்டில் சுற்றிப் பைக்குள் வைத்தாள்.

"அவன் வருவான் சார். அவன் வர்றப்ப அந்த யானை வாசல்ல இருக்கக் கூடாது."

"இருந்தா என்ன பண்ணுவீங்க?" என்றான் ஷிஷிர்.

"டி.சி. ஆபீஸ், கலெக்டர்கிட்டயே போவேன். அங்கேயும் எனக்குத் தாகம் எடுக்கும்." வினுதா கதவோரம் ஒதுங்கி நின்ற ப்யூனிடம் திரும்பினாள். "யெல்லப்பண்ணா, வாங்கிட்டு வந்தவர் நீங்க. கூட வருவீங்களா?"

யெல்லப்பா பிரின்சிபாலைப் பார்த்தார். மேஜைமேல் கிடந்த மிச்சச் சில்லறையைப் பார்த்தார். கையை வேட்டியில் நன்றாகத் துடைத்துக்கொண்டார்.

"படத்தைப் பார்த்துத்தான் வாங்கினேன்னு சொல்லணும், அவ்வளவுதானே தாயி. வர்றேன்."