பதினோராம் பந்தி

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். சோதிலிங்கமாகிய என் வாயால் கெட்டவன் ஜனார்த்தன்.

வெள்ளைக்காரர் நாட்டில், பென்ரோஸ் என்ற ஊரில், குளிர் அறைகள் செய்யும் தொழிற்சாலையில் நான் ஃபோர்மன். அவன் அங்கே குளிரூட்டும் இயந்திரங்கள் திருத்துபவன். பஹ்ரைனில் எட்டு வருசம் அதே வேலை பார்த்துவிட்டு வந்தவன். கொம்பிரசரில் காதை வைத்தே எங்கே பிழை என்று சொல்லிவிடுவான். மனைவி உஷாவும், அவன் இன்னும் கையில் தூக்காத மகள் பிரணவியும் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் இருந்தார்கள். நினைத்த நேரம் பொலிஸ் வந்து கதவைத் தட்டும் காலம் அது. இவனுக்கு நிரந்தர வதிவிடம் கிடைத்தால்தான் அவர்கள் இங்கே வரலாம். அகதி என்று கேளடா என்று எத்தனையோ பேர் சொன்னார்கள். தொழில் தெரிந்தவன் தொழிலைக் காட்டித்தான் கேட்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றான், மடையன்.

முதலாளியும் வேலைக் கடிதம் கொடுத்தார். தொண்ணூற்றாறாம் ஆண்டு, குடிவரவு அலுவலகத்திலிருந்து ஒருத்தி தொலைபேசியில் அழைத்தாள். முதலாளி வெளியே போயிருந்ததால் நான் எடுத்தேன். ஜனார்த்தன் எப்படி, என்ன செய்வான் என்று விசாரித்தாள். எங்கள் பெடியனைப் பற்றி ஒரு வெள்ளைக்காரி கேட்கிறாளே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. தலைக்கனம் இல்லாதவன், தரையும் கூட்டுவான், லொறியிலும் சாமான் ஏற்றுவான், இது என் வேலையில்லை என்று ஒருநாளும் சொன்னதில்லை என்று அள்ளி விட்டேன். கலியாணம் பேச வந்தவர்களிடம்கூட ஒருவனை அதற்கு மேல் உயர்த்திச் சொல்ல முடியாது. இதெல்லாம் எவ்வளவு நேரம் செய்வான் என்றாள். பாதி நாள் என்றேன். உண்மையில் வெள்ளிக்கிழமைகளில் அரை மணித்தியாலம்.

அடுத்த மாதம் விண்ணப்பத்தை மறுத்துவிட்டார்கள். அவன் செய்வது பெரும்பாலும் கூலி வேலையாம், தொழில் தெரிந்தவனின் வேலை இல்லையாம். நியாயசபைக்கு மேன்முறையீடு செய்தான். முதலாளி விளக்கம் எழுதினார், கூட்டுவது அரை மணித்தியாலம்தான் என்று நானும் எழுதினேன். ஆனால் அங்கே ஆளைக் கூப்பிட்டு விசாரிக்க மாட்டார்கள். கோப்பைத்தான் படிப்பார்கள். அந்தத் தொலைபேசிக் கதையை மட்டும் நான் அவனிடம் சொல்லவில்லை. வெட்கம், பயம், இரண்டும்தான்.

தீர்ப்பு வந்த அன்று சாப்பாட்டு இடைவேளையில் கடித உறையைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினான். சட்ட ஆங்கிலம் அவனுக்கு ஓடாது. இலக்கமிட்ட ஒவ்வொரு பந்தியாகப் படித்துத் தமிழில் சொன்னேன். அவன் பக்கத்தில் இருந்து தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். பதினோராம் பந்தியில் என் பெயர் இருந்தது. நான் பன்னிரண்டுக்குத் தாவினேன்.

"அண்ணை, பதினொண்டை விட்டிட்டியள்."

படித்தேன். நான் சொன்னது ஒரு சொல் குறையாமல் இருந்தது, பாதி நாள் உட்பட. கடைசிப் பந்தியில் மேன்முறையீட்டைத் தள்ளுபடி செய்திருந்தார்கள்.

"உன்னைப் புகழ்ந்துதான்ரா சொன்னனான்" என்றேன்.

"தெரியும் அண்ணை."

தாளை வாங்கி நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். அன்று வெள்ளிக்கிழமை. மணி அடித்ததும் எழுந்து போய்த் தரை கூட்டும் தும்புத்தடியை எடுத்தான். நான் பாய்ந்து போய்ப் பிடித்தேன். அவன் விடவில்லை.

"விடுங்கோ அண்ணை. இதுதானே என்ரை வேலையெண்டு எழுதிக் கிடக்கு."

நான் கையை எடுத்தேன். அவன் மூலையிலிருந்து கூட்டத் தொடங்கினான்.