எடை ஏறாத வீடுகள்

முள் நாற்பத்து மூன்றிலேயே நின்றது.

"இறங்கிட்டு இன்னொரு தடவை ஏறு, பாப்போம்," என்றாள் தராசக்கா.

தையல்காரரின் மருமகள் இறங்கி, உள்ளங்காலைத் தரையில் தேய்த்துவிட்டு, கண்ணாடிப் பாத்திரத்தின் மேல் ஏறுகிறவளைப் போல மெல்ல ஏறி நின்றாள். எட்டாம் மாதம். வயிறு மட்டும்தான் அவளிடம் வளர்ந்திருந்தது. தோளும் கழுத்தும் யாரோ கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுத்ததுபோல் இருந்தன. முள் ஆடி, மறுபடி அதே இடத்துக்கு வந்தது.

"போன மாசம் நாப்பத்து மூணரை," என்றாள் தராசக்கா, படிவத்தைப் புரட்டியபடி.

முன் அறையில் தையல் இயந்திரம் சட்டென்று நின்றது. வாசற்படியில் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த மாமியார் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"இவள நாங்க என்ன பட்டினியா போடுறோம்? தின்னுறது உடம்புல ஒட்டலன்னா அதுக்கு நாங்க என்ன பண்றது?"

"உங்கள யாரும் ஒண்ணும் சொல்லலையேம்மா. நான் எழுதத்தான் வந்தேன்."

உண்மைதான். எழுதுவது மட்டுமே அவள் வேலை. ஏழைத் தெருக்களில் கர்ப்பிணிகளுக்கு அரசாங்கம் மாதாமாதம் சத்துமாவும் பால் பொடியும் அடங்கிய பொட்டலம் கொடுத்தது. அதனால் பயன் உண்டா என்று கண்டுபிடிக்கும் பொறுப்பு ஓர் ஆய்வு நிறுவனத்துக்கு வந்திருந்தது. பாதித் தெருக்களுக்குப் பொட்டலம் போகும், பாதிக்குப் போகாது. இரண்டிலும் எடை பார்க்க வேண்டும். எடைக் கருவியைத் தோள்பையில் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கியதில் அவளுக்குத் தராசக்கா என்று பேர் விழுந்துவிட்டது. சொந்தப் பேர் சம்பளப் பதிவேட்டில் மட்டும் இருந்தது.

"பொட்டலம் வந்துச்சா?"

"வந்துச்சுக்கா."

"சாப்பிட்டியா?"

மருமகள் மாமியாரைப் பார்த்தாள். "சாப்பிட்டேன்."

இரண்டு கட்டத்திலும் 'ஆம்' போட்டாள் தராசக்கா. கதவிடுக்கில் முன் அறை தெரிந்தது. அந்தப் பெண்ணின் புருஷன் பிரித்த பொட்டலத்திலிருந்து இரண்டு கரண்டி பொடியைத் தன் டம்ளரில் போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தான். அதை எழுதப் படிவத்தில் கட்டம் இல்லை.

வாசல் வரை வழியனுப்ப வந்த மருமகள் தணிந்த குரலில் சொன்னாள். "அக்கா, போன மாசம் அரைக் கிலோ கூடிச்சுல்ல, அது தண்ணிக்கா. நீங்க தெருமுனையில வர்றத பாத்ததும் ரெண்டு டம்ளர் குடிச்சேன். இன்னைக்கு நீங்க வருவீங்கன்னு தெரியாமப் போச்சு."

"எதுக்கு அப்படிப் பண்ணின?"

"எடை கூடலன்னா பொட்டலத்த நிறுத்திடுவாங்களாமே. நின்னுடுச்சுன்னா வீட்டுல பேச்சு எனக்குத்தான விழும்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஏதோ குறும்பு செய்து மாட்டிக்கொண்டவளின் சிரிப்பு அது.

தராசக்காவின் நாக்கு நுனி வரை ஒரு புத்திமதி வந்தது. முதலில் நீ சாப்பிடு, நீ சாப்பிட்டு மிச்சத்தை அவர்களுக்குப் போடு என்று சொல்லலாம். ஆனால் பயிற்சியின் முதல் நாளே பென்சில் சார் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். காதில் எந்நேரமும் பென்சில் செருகியிருக்கும் அந்த மேற்பார்வையாளர் கெட்டவர் அல்ல. "நீங்க புத்தி சொல்ல ஆரம்பிச்சீங்கன்னா, எடை கூடினது பொட்டலத்தாலயா உங்க வாயாலயான்னு எப்படித் தெரியும்? கேளுங்க, எழுதுங்க, வந்துடுங்க." நியாயமான பேச்சுதான். அவளும் கேட்டாள், எழுதினாள், வந்துவிட்டாள்.

அடுத்த மாதம் போனபோது தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. கருவியைப் பையிலிருந்து எடுக்கப்போனவளை மாமியார் கையமர்த்தினாள்.

"பிரசவத்துல ரெண்டும் போயிடுச்சும்மா. உடம்புல ரத்தமே இல்லன்னாரு டாக்டரு." பிறகு அலமாரியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். "இது பாட்டுக்கு இன்னும் வந்துட்டிருக்கு. பேர எடுத்துடச் சொல்லுங்க."

படிவத்தின் கடைசிப் பக்கத்தில் 'தொடராததற்குக் காரணம்' என்று மூன்று கட்டங்கள் இருந்தன. இடம் மாறினார். மறுத்தார். பிற. தராசக்கா நின்றபடியே மூன்றாவதில் குறி போட்டாள்.

அன்றிலிருந்து தண்ணீர் அவளைப் பிடித்துக்கொண்டது. எந்த வீட்டில் முள் கால் கிலோ நகர்ந்தாலும், இதில் தண்ணீர் எவ்வளவு என்று மனம் கணக்குப் போட்டது. பேருந்துக்கு நிற்கிற இடத்தில் எவளோ ஒருத்தி குனிந்து குழாயில் வாய் வைத்துக் குடித்தால், அந்த விழுங்கும் சத்தம் வெகுநேரம் இவள் காதை விட்டுப் போகவில்லை. படிவங்களை அடுக்கும்போது பின்னால் நின்று யாரோ 'அக்கா' என்பார்கள். திரும்பினால் சுவர்தான் இருக்கும். நாற்பத்து மூன்றரை என்று தன் கையெழுத்தில் இருந்த அந்த ஒரு எண்ணை எத்தனையோ தடவை எடுத்துப் பார்த்தாள். அழகாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் இருந்தது.

வீட்டிலும் சாப்பாடு இறங்கவில்லை. பேருந்துப் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கணவரும், அடுத்த தெரு அச்சகத்தில் வேலை பார்க்கும் மகனும் சாப்பிட்டு எழுந்த பிறகு அவள் உட்கார்ந்தாள். ஐந்து மாதக் கர்ப்பிணியான மருமகள் பரிமாறினாள்.

"நல்லாயில்லையா அத்தை?"

"பசிக்கலம்மா." தட்டை ஒதுக்கிவிட்டுக் கை கழுவினாள். மருமகள் அந்தத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மூன்று வாரம் கழித்து அலுவலகத்தில் எல்லாக் கணக்கெடுப்பாளர்களையும் கூட்டி, பென்சில் சார் அறிக்கையின் சுருக்கத்தைப் படித்தார். பொட்டலம் போன தெருவிலும் போகாத தெருவிலும் எடை ஒன்றுபோலவே இருந்தது. ஆகவே பொட்டலத்தால் பயனில்லை, திட்டத்தை நிறுத்தலாம்.

"ஒரு சந்தேகம் சார்," என்று தராசக்கா எழுந்தாள். இரண்டு வருஷத்தில் அவள் கூட்டத்தில் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. "பொட்டலம் வேலை செய்யலன்னு எழுதியிருக்கீங்க. அது அவங்க வயித்துக்குப் போச்சா?"

"படிவத்துல இருக்கேக்கா. 'சாப்பிட்டேன்'னு நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு பேரு சொல்லியிருக்காங்க."

"மாமியா பக்கத்துல நிக்கிறப்ப வேற என்ன சொல்லுவா?" என்று தொடங்கியவள், தையல்காரர் வீட்டுக் கதவிடுக்கில் பார்த்ததையும், இரண்டு டம்ளர் தண்ணீரையும், மூன்றாவது கட்டத்தில் தான் போட்ட குறியையும் சொல்லி முடித்தாள்.

பென்சில் சார் காதிலிருந்த பென்சிலை எடுத்து மேசையில் வைத்தார். "இத ஏன் அன்னைக்கே எழுதல?"

"எழுத இடமில்ல சார்."

பென்சில் சார் அறிக்கையை ஒரு தடவை புரட்டினார். பிறகு அவர் சொன்னார், "ஒருத்திக்கு நடந்தத வச்சு அறிக்கைய மாத்த முடியாதுக்கா."

"மாத்த வேணாம். எல்லாரையும் கேப்போம்."

அவர் மேலிடத்தில் எப்படியோ பேசி ஒரு மாதம் வாங்கினார். புதிதாக ஒரு பக்கம் அச்சானது. வீட்டில் முதலில் யார் சாப்பிடுகிறார்கள், கடைசியில் யார், பொட்டலத்தை யார் யார் சாப்பிட்டார்கள். தெரிந்தவர்களிடம் கேட்டால் பதில் கோணலாகிவிடும் என்று தெருக்களை மாற்றிப் பிரித்தார்கள். தராசக்காவுக்கு ஊரின் மறுகோடி கிடைத்தது.

நாற்பத்தொரு வீடு ஏறி இறங்கினாள். மாமியாரைச் சாமர்த்தியமாக வெளியே அனுப்பிவிட்டுத்தான் கேட்டாள். "எல்லாரும் ஒண்ணாத்தான் சாப்பிடுவோம்," என்றார்கள். ஒருத்தி, "எங்க வீட்டப் பத்தி என்ன நினைச்சீங்க?" என்று கோபித்துக்கொண்டாள். இன்னொருத்தி 'ஒண்ணாத்தான்' என்று சொல்லி முடிப்பதற்குள் உள்ளேயிருந்து, "இன்னும் கொஞ்சம் போடு," என்று ஆண்குரல் கேட்டது, ஓடினாள். பயத்தால் மட்டும் அவர்கள் அப்படிச் சொல்லவில்லை. புகுந்த வீட்டை விட்டுக்கொடுக்காமல் பேசுவதில் ஒரு பெருமை இருந்தது. அந்த வீடுகளில் மிச்சமாக இல்லாமல், முழுசாக அவர்கள் கைக்குக் கிடைத்தது அந்தப் பெருமை ஒன்றுதான்.

விடுமுறை நாளில் மத்தியானம் அவள் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. வெயிலோ மழையோ குடையில்லாமல் கிளம்பாததால் குடைக்காரி என்று பேரெடுத்த சக ஊழியை நின்றிருந்தாள். கணவரும் மகனும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மருமகள் கரண்டியோடு பக்கத்தில் நின்றாள்.

"அக்கா, உங்க தெருவுக்கும் பொட்டலம் வருதுல்ல, உங்க வீடும் என் பட்டியல்ல வந்திருக்கு. தப்பா எடுத்துக்காதீங்க."

"இதுல என்ன தப்பு? தாராளமா கேளு," என்றவள், மாமியார் பக்கத்தில் நிற்கக் கூடாது என்ற விதியை மதித்துத் தானே சமையலறைக்குள் ஒதுங்கினாள். மருமகளை எடைபோடுவது கேட்டது. போன மாதம் எவ்வளவோ அதேதான். பிறகு கேள்வி வந்தது.

"வீட்டுல யாரு கடைசியா சாப்பிடுவீங்க?"

"எல்லாரும் ஒண்ணாத்தான் சாப்பிடுவோம்."

யோசனை இல்லாமல், இடைவெளி இல்லாமல் வந்த பதில். நாற்பத்தொரு வீட்டில் கேட்ட அதே வார்த்தை, அதே ராகம். தராசக்காவின் கண் அலமாரிக்குப் போனது. இந்த மாதப் பொட்டலம் பாதிக்கு மேல் காலியாகி, வாய் மடித்து இருந்தது. காலையில் மகனின் பாலில் இரண்டு கரண்டி, வேலைக்குப் போகிறவன். கணவரின் கூழில் மூன்று கரண்டி; வயிற்றுப் புண்காரர். போட்டது இவள் கைதான். மருமகளுக்கென்று ஒரு கரண்டி எடுத்த நினைவைத் தேடினாள். கிடைக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து தான் எப்படிச் சாப்பிட்டாளோ, அதிலிருந்து ஒரு வரிசை முன்னேறியிருந்தாள், அவ்வளவுதான். காலியாக இருந்த கடைசி இடத்தில் அந்தப் பெண் வந்து நின்றதை அவள் கவனிக்கவே இல்லை.

தொண்டைக்குள் தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டது. சமையலறையில் அவளைத் தவிர யாருமில்லை.

வெளியே வந்தாள். "அத அடிச்சிட்டு எழுது. அவதான் கடைசி. பொட்டலம் அவளுக்குப் போகல. நான்தான் பிரிச்சு இவங்களுக்குப் போடுறேன்."

மகனின் கை தட்டிலேயே நின்றது. "என்னம்மா பேசுற? ஊரெல்லாம் போய்க் கேக்குறது போதாதுன்னு நம்ம வீட்டையும் சந்திக்கு இழுக்குறியா?"

"வீட்டுச் சேதி வீட்டோட இருக்கட்டும்," என்றார் கணவர், தலை நிமிராமல்.

குடைக்காரி தர்மசங்கடத்தோடு நெளிந்தாள். "அக்கா, கர்ப்பிணி வாயால சொல்றதத்தான் எழுதணும். நீங்கதான எனக்குச் சொல்லிக்கொடுத்தீங்க." மருமகள் பக்கம் திரும்பினாள். "நீயே சொல்லும்மா. யாரு கடைசி?"

மருமகள் புருஷனைப் பார்த்தாள். பிறகு மாமியாரைப் பரிவோடு பார்த்தாள். "அத்தை ஏதோ மனசு சரியில்லாம சொல்றாங்க. ஒண்ணாத்தான் சாப்பிடுவோம்."

அது பதிவாயிற்று.

குடைக்காரி போனதும் தராசக்கா ஒரு தட்டில் நிறையப் போட்டு மருமகள் முன்னால் வைத்தாள். "உக்காரு. சாப்பிடு." அந்தப் பெண் உட்கார்ந்தாள். இரண்டு வாய்க்கு மேல் போகவில்லை. மூன்று பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பழக்கமில்ல அத்தை," என்றாள். கண் கலங்கியிருந்தது. "அப்புறமா சாப்பிடுறேனே."

மாதக் கடைசியில் பென்சில் சார் அவளைத் தனியே கூப்பிட்டுத் தாளைக் காட்டினார். எல்லோரும் ஒன்றாகவே உண்கிறார்கள்: நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. பொட்டலத்தைக் கர்ப்பிணியே உண்கிறாள்: தொண்ணூற்றேழு.

"நம்மால முடிஞ்சத பண்ணிட்டோம்க்கா. கேட்டுப் பாத்தாச்சு. இனிமே திட்டம் நிக்கிறதத் தடுக்க முடியாது."

"கேட்டதுதான் சார் தப்பு. கேட்டா இந்தப் பதில்தான் வரும். பக்கத்துல உக்காந்து பாக்கணும். யாரு தட்டுல என்ன விழுது, எப்ப விழுதுன்னு பாத்து எழுதணும்."

அவர் யோசித்தார். யோசனை பிடித்திருந்தது முகத்தில் தெரிந்தது. "சாப்பாட்டு நேரத்துல வேத்து ஆள உள்ள விட்டு, உக்காத்தி வச்சு, எந்த வீட்டுல பாக்க விடுவாங்க?"

தராசக்கா ஒரு முகவரி சொன்னாள். பென்சில் பாதியில் நின்றது.

"இது உங்க வீடாச்சே. உங்க வீட்டுலதான் ஒண்ணா சாப்பிடுறதா பதிவாயிருக்கே."

"ஆமா."

"அன்னைக்கு நடந்தத குடைக்காரம்மா சொன்னாங்க. அதுக்கப்புறம் நீங்க எல்லாத்தையும் மாத்தியிருப்பீங்களே."

"நான் இருக்கிறப்ப அவள முதல்ல உக்கார வைக்கிறேன் சார். ஆனா மத்தியானம் நான் எடைபோடப் போயிடுறேன். என் வீட்டுக்காரரும் பையனும் சாப்பிட உக்காருவாங்க. அப்ப என்ன நடக்குதுன்னு கேட்டேன். நான் கேட்டாலும் அவ அதே பதிலத்தான் சொல்றா."

"வீட்டுல ஒத்துக்கிட்டாங்களா?"

"கேக்கல." பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "முதல் வீடா எழுதிக்குங்க. ஒரு மணிக்கு வாங்க. சொல்லாம வாங்க."