அடுப்புக்கு மேல் இடப்பக்கக் கதவு

ஆர்விட்டுக்கு எதுவும் நேராக இருக்க வேண்டும். நாற்பது வருஷம் காகித ஆலையில் இயந்திரங்களைப் பராமரித்த மனுஷன். தேவாலயத்தில் பாதிரியார் பிரசங்கம் செய்துகொண்டிருக்கும்போது இவர், சுவரில் மாட்டிய சிலுவை அரை விரற்கடை சாய்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கூட்டம் கலைந்ததும் நாற்காலி போட்டு ஏறி நிமிர்த்திவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார்.

அப்படிப்பட்டவர், காரின் பின்னால் இழுத்துப் போகும் தன் பழைய டிரெய்லரில் ஒரே ஒரு கோணலை நாற்பத்தாறு கோடைக்காலம் விட்டுவைத்திருந்தார். அடுப்புக்கு மேலே ஒரு அலமாரி. அதற்கு இரண்டு தள்ளுகதவுகள். அதில் இடப்பக்கத்துக் கதவு பாதி வழியில் மாட்டிக்கொள்ளும். சரி பண்ணாததற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. அதைத் திறப்பது அவர் இல்லை, அவ்வளவுதான். அதற்குள்தான் காப்பி டப்பா இருந்தது, காலையில் காப்பி போடுவது வெர்னா.

ஒவ்வொரு ஆகஸ்டிலும் ஏரிக்கரையில் அதே கச்சேரிதான். விடிந்ததும் வெர்னா எழுந்து போவாள். ஒரு கீச்சு, ஒரு உரசல், பிறகு கதவு நின்றுவிடும். கட்டைவிரலால் அதை மேலே தூக்கிப் பிடித்து உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டுவாள். டொக்கென்று திறக்கும். படுக்கையில் தூங்குவதுபோல் கிடக்கும் புருஷனைப் பார்த்துக் கேட்பாள்.

“ஆர்விட், இந்தக் கதவை எப்பதான் சரி பண்ணப் போற?”

“அடுத்த வருஷம்.”

“கிழிச்ச.”

வெர்னாவுக்கு இப்போது எழுபத்து நாலு. மூன்று வருஷமாக மறதி நோய் அவளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுபோய்க்கொண்டிருந்தது. முதலில் சாமான்களின் பெயர் போயிற்று, பிறகு மனிதர்களின் பெயர். போன குளிர்காலத்தில் ஆர்விட்டே அவள் நினைவிலிருந்து போய்விட்டார். சமையலறையில் எல்லா இழுப்பறைகளையும் திறந்து போட்டுவிட்டு நடுவில் நிற்பாள். இவர் உள்ளே வந்தால் மரியாதையாகக் கேட்பாள்: “குழாய் ரிப்பேருக்கு வந்தீங்களா சார்?” இல்லை என்று சொன்னால் அழுவாள். அதனால் ஆமாம் என்று சொல்லப் பழகிக்கொண்டார். சில நாள் கையில் ஸ்பானரை எடுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் தொட்டிக்குக் கீழே படுத்துக்கொள்வதும் உண்டு.

மே மாதம், பனி உருகிய பிறகு, ஒரு நாள் மத்தியானம் அவளைக் காணவில்லை. சாலை வரைக்கும் ஓடினார், ஓடைக்கரை வரைக்கும் ஓடினார். கடைசியில் பார்த்தால், கொட்டகைக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்த டிரெய்லருக்குள் இருந்தாள். மேஜையில் இரண்டு கோப்பை எடுத்து வைத்திருந்தாள்.

“எங்க போய்த் தொலைஞ்ச ஆர்விட்? காப்பி ஆறுது.”

சிலிண்டரில் காஸ் கிடையாது. கோப்பையில் ஒரு சொட்டுக் காப்பியும் கிடையாது. ஆர்விட் எதிரில் உட்கார்ந்து வெறும் கோப்பையைக் குடித்து முடித்தார். அவருடைய வாழ்க்கையில் அதைவிட நல்ல காப்பி அவர் குடித்ததில்லை.

அன்றிலிருந்து தினமும் ஒரு மணி நேரம் அங்கே போனார்கள். வீட்டுக்குள் அவர் குழாய்க்காரர், டிரெய்லருக்குள் ஆர்விட். படி ஏறி அந்தக் கதவைத் தூக்கித் தட்டித் திறந்ததும் அவளுக்கு எல்லாம் திரும்பி வந்துவிடும். எப்படி என்று அவர் யோசிக்கவில்லை. கிடைத்ததை வாங்கிக்கொண்டார்.

ஜூனில் மகள் கேரின் வந்தாள். மறதி நோய்க்காரர்களுக்கான இல்லத்தில் அம்மாவுக்கு இடம் கிடைத்துவிட்டது, செப்டம்பர் முதல் வாரம் சேர்க்கவேண்டும் என்றாள்.

“உங்களால தனியா முடியாதுப்பா. உங்களைக் கண்ணாடியில பாத்தீங்களா?”

பார்த்திருந்தார். அதனால் வாதாடவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்: ஆகஸ்டில் ஒரு வாரம், வழக்கம்போல ஏரிக்கு. அவளுக்கு நான் யார் என்று தெரிகிற ஒரே இடத்தில் ஒரே ஒரு வாரம்.

கேரின் டிரெய்லருக்குள் எட்டிப் பார்த்தாள். கூரை ஒழுகி மூலையெல்லாம் கறுத்துப் போயிருந்தது. அடுப்புக்கு மேல் அலமாரி நாலே திருகாணியில் தொங்கிக்கொண்டிருந்தது. “இதை ரோட்டுல இழுத்தா மொதல் குழியிலயே அலமாரி கீழ விழும். சரி பண்ணுங்க, அப்புறம் போங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் சொன்னதில் தப்பு இல்லை.

சரி பண்ணச் சொன்னால் போதுமே நம்ம ஆளுக்கு.

பக்கத்து வீட்டு ஹெய்னோ துணைக்கு வந்தார். அவரும் ஒரு பழைய டிரெய்லர் வைத்துக்கொண்டு மாரடிக்கிறவர்தான். அந்தக் காலத்து வண்டிகளில் அலமாரியை முதலில் நிறுத்தி, வெளியிலிருந்து திருகாணி அடித்து, அதற்கு மேலேதான் அலுமினியத் தகட்டைப் போர்த்துவார்கள். ஆகவே உள்ளே ஒரு பலகையைக் கழற்ற, வெளியே ஒரு பக்கத் தோலையே உரிக்க வேண்டும். உரித்தார்கள். உளுத்த சட்டங்களை மாற்றினார்கள். உள்பலகைகளின் மேல் ஒட்டியிருந்த பிர்ச் மரத்தாள் வெங்காயத்தோல் கனம்தான், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் போச்சு. ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் பழைய அரக்குப் பூச்சை இளக்கி, கறையை எடுத்து, மேலே புது அரக்குப் பூசினார் ஆர்விட். பலகைகள் தேன் நிறத்துக்குத் திரும்பின.

தள்ளுகதவுகள் இரண்டையும் புதிதாகவே செய்தார். கதவு ஓடும் கீழ்ச்சட்டம் நாற்பத்தாறு வருஷத்தில் தேய்ந்து, இடது ஓரத்திலிருந்து ஒரு சாண் தள்ளிக் குழி விழுந்திருந்தது. அங்கேதான் கதவு இறங்கி மாட்டிக்கொள்கிறது என்று முதல் முறையாகக் கண்டுபிடித்தார். குழி விழுந்த சட்டத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டு, கெட்டி மேப்பிளில் புதுச்சட்டம் போட்டு மெழுகுவத்தியைத் தேய்த்தார். பழைய கதவுகளையும் கழிவுக் கட்டைகளையும் ஹெய்னோவிடம் கொடுத்துவிட்டார். ஹெய்னோவுக்குச் சனிக்கிழமை தவறாமல் சானா வேண்டும். கொட்டகையில் கல்லைக் காய்ச்சித் தண்ணீர் தெளித்து வியர்க்க உட்காருவதற்கு விறகு எவ்வளவு இருந்தாலும் போதாது.

“ஒத்தை விரல்ல போகணும்யா, அதான் கணக்கு” என்று ஹெய்னோ சுண்டுவிரலால் புதுக்கதவைத் தொட்டார். அது சத்தமே இல்லாமல் மறுகோடிக்குப் போய் நின்றது. “யோவ் ஆர்விட், இது கதவா, பனிச்சறுக்கா?”

ஆர்விட் சிரித்தார். அந்த வருஷத்தில் அவர் சிரித்தது அப்போதுதான். இந்த ஐந்து வாரமும் டிரெய்லருக்குள் போக முடியாமல் வெர்னா ரொம்பவும் வாடிப்போயிருந்தாள். இனிமேல் சரியாகிவிடும் என்று நினைத்தார்.

மறுநாள் காலை அவளைக் கைபிடித்துப் படியேற்றினார். வெர்னா உள்ளே வந்தாள். நேராக அடுப்புக்குப் போனாள். கட்டைவிரலைக் கதவில் விரல் பிடிக்கும் குழிக்குள் வைத்து, மேலே தூக்கி, உள்ளங்கையால் தட்டினாள்.

தள்ளுகதவை மாட்டுவதும் கழற்றுவதும் அப்படித்தான்: மேல் பள்ளத்துக்குள் தூக்கினால் கீழ்ப்பள்ளத்தை விட்டு வெளியே வந்துவிடும். புதுக்கதவு இறகுபோல மேலே போயிற்று, தட்டு விழுந்ததும் தடத்தை விட்டுத் துள்ளி அடுப்பில் மோதிக் கீழே விழுந்தது. வெர்னா பின்னால் நகர்ந்தாள். பளபளவென்றிருந்த சுவர்களைப் பார்த்தாள். புது வாசனையை முகர்ந்தாள். அவள் முகத்தில் இருந்த கொஞ்ச வெளிச்சமும் போவதை ஆர்விட் நின்று பார்த்தார்.

“இது யாரோட வண்டி சார்?”

“நம்மளோடதுதான் வெர்னா.”

“ஐயோ, மத்தவங்க சாமானை ஒடச்சுட்டேனே. வாங்க போயிடலாம். என்னை வீட்டுல விட்டுடுங்க சார், உங்களுக்குப் புண்ணியமாப் போகும். ஆர்விட் தேடுவான்.”

ஆர்விட் அவளை வீட்டில் கொண்டுபோய் விட்டார். பக்கத்து வீட்டுக்கு நடந்தார். ஹெய்னோ வாசலில் மீன் சுத்தம் செய்துகொண்டிருந்தார்.

“பழைய கதவு எங்க?”

“எதுக்கு?”

“எரிச்சிட்டியா?”

“பிளைவுட்டை எவனாவது சானாவுல போடுவானா? பசை நாத்தம் ஒரு மாசம் போகாது. உனக்கு என்னய்யா ஆச்சு, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?”

ஆர்விட் சொன்னார். சொல்லி முடிக்கும்போது விறகுக் குவியலைப் பிடித்துக்கொண்டு நின்றார். “அவளுக்காகப் பண்றேன்னு நெனச்சேன் ஹெய்னோ. நேரா இருக்கணும்னு என் புத்தி கேட்டுது, நான் பண்ணிட்டேன். அவளுக்கு இருந்த ஒரே வழியை நானே அடைச்சுட்டேன்.”

ஹெய்னோ கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். இரண்டு கதவில் வலப்பக்கத்து நல்ல கதவை அறுத்து ஆப்புகள் செய்துவிட்டிருந்தார். இடப்பக்கத்துக் கதவு வளைந்து போயிருந்ததால் எதற்கும் ஆகவில்லை. விறகின்மேல் மழை படாமல் மூடிவைத்திருந்தார். அதை எடுத்துத் துடைத்தார்கள்.

பழைய கதவைப் புதுச்சட்டத்தில் மாட்டினால் அதுவும் வழுக்கிக்கொண்டுதான் போயிற்று. குழி வேண்டும். ஆர்விட் ஸ்பிரிட்டால் மெழுகைத் துடைத்தார். உளியை எடுத்து, இடது ஓரத்திலிருந்து ஒரு சாண் அளந்து, தானே இழைத்த மேப்பிள் சட்டத்தில் வைத்தார். கை வரவில்லை. வாழ்நாளில் ஒரு நல்ல மரத்தை வேண்டுமென்றே கெடுத்ததில்லை அவர். கண்ணை மூடிக்கொண்டு முதல் வெட்டை வெட்டினார்.

எவ்வளவு ஆழம்? அப்போதுதான் அவருக்கு உறைத்தது: நாற்பத்தாறு வருஷத்தில் ஒரு தடவைகூட அவர் அந்தக் கதவைத் திறந்ததில்லை. அது கையில் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. காதுக்கு மட்டும்தான் தெரியும். வெட்கமாக இருந்தது அவருக்கு.

படுக்கையில் போய்ப் படுத்து, சுவர்ப்பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டார். “ஹெய்னோ, நீ தொற.”

“இந்த வயசுல என்னை உன் பொண்டாட்டியா நடிக்கச் சொல்றியே, நியாயமா?”

“தொறய்யா.”

கீச்சு, உரசல், தட்டு.

“இல்ல. நீ போலீஸ்காரன் மாதிரி தட்டுற. அவ அப்படித் தட்டமாட்டா. உள்ளங்கையால.”

“வேற எதால தட்டுறேன், தலையாலயா?”

“உரசல் பத்தல. இன்னும் ஒரு மயிரிழை ஆழம் வேணும்.”

எழுந்து வெட்டினார். படுத்துக் கேட்டார். மறுபடி எழுந்தார். ஹெய்னோ முனகிக்கொண்டே பதினோரு தடவை திறந்தார். பன்னிரண்டாவது தடவை கீச்சு வந்தது, உரசல் வந்தது, கதவு நின்றது, டொக்கென்று திறந்தது. ஹெய்னோ எட்டிப் பார்த்தார். ஆர்விட்டின் கண்ணிலிருந்து வழிந்தது தலையணையை நனைத்துக்கொண்டிருந்தது.

“சரியா இருக்கா?” என்று மெதுவாகக் கேட்டார்.

“இருக்கு.”

“அஞ்சு வாரம் உயிரைக் குடுத்துச் சரி பண்ணினதை ஒரே மத்தியானத்துல கெடுத்துட்டோம். நல்ல வேலைக்காரனுங்கதான்.”

வெர்னா அதற்குப் பிறகு டிரெய்லர் பக்கம் திரும்பவே மறுத்துவிட்டாள். கதவைக் காட்டிப் பார்க்க வழியில்லாமலே ஆகஸ்டில் கிளம்பினார்கள். ஏரிக்கரையில் எப்போதும் நிறுத்தும் பிர்ச் மரங்களுக்கு அடியில் வண்டியை நிறுத்தினார். அவள் காரிலிருந்து இறங்கி, வெளியே மரமேஜையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஏலக்காய் ரொட்டியைக் கொடுத்தார், நன்றி சொல்லி வாங்கிக்கொண்டாள். உள்ளே வரச்சொன்னால் வரவில்லை.

வெயில் இறங்கிக் கொசு மொய்க்கத் தொடங்கிய பிறகு ஆர்விட் சொன்னார்: “வண்டிக்குச் சொந்தக்காரர்கிட்ட கேட்டுட்டேம்மா. நீங்க தாராளமாத் தங்கலாம்னு சொல்லிட்டாரு.”

“ரொம்ப நல்லவரு போல” என்றாள் வெர்னா. விருந்தாளியைப் போல உள்ளே வந்து, கோட்டும் செருப்பும் போட்டபடியே படுக்கையின் ஓரத்தில் படுத்தாள்.

ஆர்விட் எதிர்ப்பக்கத்து இருக்கையில் படுத்தார். தூக்கம் வந்ததா இல்லையா என்று அவருக்கே தெரியவில்லை. விடியும்போது ஏரியில் நீர்ப்பறவை ஒன்று கூவியது. அவள் எழுந்திருக்கும் சத்தம் கேட்டது. அவர் கண்ணைத் திறக்கவில்லை. திறந்தால் சார் என்பாளோ என்று பயம். செருப்புச் சத்தம் வாசல்பக்கம் போயிற்று, நின்றது, அடுப்புப் பக்கம் திரும்பியது. அப்புறம் ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை.

கீச்சு.

உரசல். கதவு நின்றது. ஆர்விட் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

டொக்.

காப்பி டப்பாவின் மூடி திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவள் குரல், தூக்கக் கலக்கத்தோடும் எரிச்சலோடும்:

“ஆர்விட், இந்தக் கதவை எப்பதான் சரி பண்ணப் போற?”

செப்டம்பருக்கு இன்னும் பதினேழு நாள் இருந்தது. போர்வையை இழுத்து வாய்வரை மூடிக்கொண்டு சொன்னார்.

“அடுத்த வருஷம்.”

“கிழிச்ச” என்று சொல்லிவிட்டு வெர்னா அடுப்பைப் பற்றவைத்தாள்.