நம்ம வலையில் ஒரு கோல்

ஆட்டம் முடிய ஆறு நிமிடம் இருக்கும்போது நத்தம் அணி ஒரு கோல் போட்டுத் தொலைத்தது. அதுவரை இரண்டுக்குப் பூஜ்ஜியம் என்று முன்னால் இருந்த வடமதுரைக்காரர்கள் பந்தை எடுத்துக்கொண்டு நடு மைதானத்துக்கு ஓடினார்கள். முந்தைய ஆட்டங்களின் கோல் கணக்குப்படி, இரண்டு கோல் வித்தியாசத்தில் ஜெயித்தால்தான் அவர்களுக்கு இறுதிப் போட்டி. ஒரு கோலில் ஜெயித்தால் ஜெயித்த சந்தோஷத்தோடு வீட்டுக்குப் போகலாம், இறுதிப் போட்டிக்கு நத்தம் போய்விடும்.

கோல்கீப்பர் சார்லஸுக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. போன வருடம் இதே திண்டுக்கல் மைதானத்தில், கடைசி நிமிடத்தில், சப்பையான ஒரு பந்து அவன் கையிலிருந்து நழுவி உள்ளே போய்விட்டது. நழுவியதுதான், சத்தியமாக நழுவியதுதான். ஆனால் ஊர் வாய் சும்மா இருக்குமா? சார்லஸ் மேட்சை விற்றுவிட்டான் என்று டீக்கடைதோறும் பேச்சு. அவன் அப்பா பாக்கியராஜ் அதற்குப் பிறகு டீக்கடைப் பக்கமே போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் குனிந்த தலை நிமிராமல் வீட்டுக்கு வந்துவிடுவார். மகனிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டுத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. இன்றைக்குத்தான் மறுபடி மைதானத்துக்கு வந்து, கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் கண் முன்னால் ஜெயித்துக் காட்ட வேண்டும் என்று சார்லஸ் துடித்துக்கொண்டிருந்தான்.

நத்தம் ஆட்கள் மொத்தப் பேரும் தங்கள் கோலை அடைத்துக்கொண்டு நின்றுவிட்டார்கள். எந்தப் பக்கம் அடித்தாலும் பந்து ஒரு காலில் பட்டுத் திரும்பி வந்தது. இன்னும் மூன்று நிமிடம். அப்போதுதான் சார்லஸுக்குப் பார்படோஸ் ஞாபகம் வந்தது.

காலையில் வேனில் வரும்போது அவனே சொல்லிச் சிரிக்கவைத்த கதை அது. 1994இல் கரீபியன் கோப்பைத் தகுதிச் சுற்றில் பார்படோஸும் கிரனடாவும் மோதின. சமனானால் கூடுதல் நேரம். அதில் முதல் கோல் விழுந்ததும் ஆட்டம் முடிந்தது, அந்த ஒரு கோல் இரண்டாகக் கணக்கு. இரண்டு கோல் வித்தியாசம் தேவைப்பட்ட பார்படோஸ், இரண்டுக்கு ஒன்று என்று இருந்தபோது, வேண்டுமென்றே தன் வலையிலேயே பந்தை அடித்துச் சமனாக்கியது. பிறகு கூடுதல் நேரத்தில் ஒரு கோல் போட்டு நான்குக்கு இரண்டு என்று ஜெயித்தது.

கூட்டம் பாதியில் எழுந்து போகக்கூடாது என்று இந்தப் போட்டிக் கமிட்டியும் அச்சு அசல் அதே விதியை நோட்டீஸில் போட்டிருந்தது. கமிட்டிச் செயலாளர் நூர் அகமதுவுக்குப் பார்படோஸ் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது, பாவம்.

"மலைச்சாமி! பந்த எனக்குத் தள்ளு!" என்று கத்தினான் சார்லஸ்.

கேப்டன் மலைச்சாமி காலில் பந்தோடு திரும்பினான். "நேரமில்லடா! முன்னாடி அடிக்கணும்!"

"முன்னாடி அடிச்சு ஒண்ணும் ஆகப்போறதில்ல. காலைல சொன்னேன்ல, பார்படோஸ்!"

மலைச்சாமிக்கு முகம் வெளுத்தது. போன வருடம் சார்லஸை முதலில் சந்தேகப்பட்டவனே இவன்தான்.

"கூட்டம் உன்னக் கொன்னே போடும்டா."

"தெரியும். தள்ளு."

ஒரு நொடி தயங்கிவிட்டு மலைச்சாமி பந்தைத் தள்ளினான். சார்லஸ் வேலிப் பக்கம் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கால் எழுந்திருக்காது. திரும்பி நின்று தன் வலைக்குள்ளேயே ஓங்கி அடித்தான்.

நடுவர் விசில் ஊதினார், இரண்டுக்கு இரண்டு. பிறகு, "இந்த வருசமும் வித்துட்டான்டா!" என்று ஒரு குரல். தண்ணீர் பாட்டில்கள் பறந்தன. ஒரு செருப்பு அவன் தோளில் விழுந்தது. அப்போது அவன் வேலியைப் பார்த்தான். பாக்கியராஜ் கையை எடுத்துவிட்டு வாசலைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார்.

அழ நேரமில்லை. நத்தம் கேப்டன் கண்ணனுக்கும் சூட்சுமம் பிடிபட்டுவிட்டது. ஒரு கோலில் ஜெயித்தாலும் சரி, ஒரு கோலில் தோற்றாலும் சரி, அவர்கள் இறுதிப் போட்டிக்குப் போய்விடலாம். எந்த வலையில் பந்து விழுந்தாலும் லாபம்! உடனே தங்கள் கோலையே தாக்க ஓடினார்கள். வடமதுரை அணி இரண்டாகப் பிரிந்து, எதிரியின் வலையையும் தங்கள் வலையையும் சேர்த்துக் காத்தது. கூட்டத்துக்குத் தலைகால் புரியவில்லை. நூர் அகமது மைக்கில் நோட்டீஸை உரக்கப் படித்தார், பாதி படிக்கும்போதே, "யா அல்லா, இப்படி ஒண்ணு இருக்கா?" என்றது மைக்கில் கேட்டது.

விசில். சமன். கூடுதல் நேரத்தின் நான்காவது நிமிடத்தில் மலைச்சாமி போட்ட கோல் இரண்டானது. செருப்பை எறிந்தவர்களே ஓடி வந்து சார்லஸைத் தோளில் தூக்கினார்கள். அவன் திமிறி இறங்கி வெளியே ஓடினான்.

பாக்கியராஜ் பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தார்.

"அப்பா, ஜெயிச்சுட்டோம்."

"நம்ம வலைலதானடா அடிச்ச. நான்தான் பாத்தேன்ல."

மூச்சு வாங்க அவன் விதியைச் சொன்னான். இரண்டாம் முறை சொன்னபோது அவருக்குப் புரிந்தது. முகம் மலர்ந்தது.

"அப்ப வேணும்னேதான் விட்டியா?"

"ஆமாப்பா, வேணும்னேதான்."

"அம்புட்டுப் பேரும் ஏமாந்துட்டாய்ங்களே!" என்று வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்து ஒரு வருடம் ஆகிவிட்டது. அந்தச் சிரிப்பு மெல்ல மெல்ல அடங்கியது. மகன் முகத்தையே பார்த்தார்.

"அப்ப... போன வருசம்?"

ஒரு வருடமாக இவர் கேட்க மாட்டாரா என்று அவன் ஏங்கிய கேள்வி.

"அது நழுவிருச்சுப்பா" என்றான் சார்லஸ். உண்மையைத்தான் சொன்னான். அவன் காதுக்கே அது பொய் மாதிரி கேட்டது.

"சரி" என்று சொல்லிவிட்டு பாக்கியராஜ் பஸ் ஏறினார்.