மலைமேல் வெந்நீர் ஊற்று

தாட்சாயணி கஞ்சியை ஆற்றி உதட்டருகே கொண்டுபோனபோது கணவர் செங்கல்வராயன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அந்த வெந்நீர் ஊர மட்டும் வுட்டுடக் கூடாது," என்றார். "கோயிலு, தோட்டம், பொம்ம நாடகம் எல்லாம் கொறைச்சிக்கலாம். அத கொறைக்கக் கூடாது."

"ரெண்டு வாய் துன்னுட்டுப் பேசுங்க."

"முனிகிருஷ்ணன் வந்தா சொல்லு. மலைமேல இருக்கற விடுதி. நல்ல ரூமா கேக்கச் சொல்லு."

நெஞ்சுவலியோடு படுத்த நாளிலிருந்து அவர் பேசியதெல்லாம் ஜப்பான் பயணத்தைப் பற்றித்தான். அவர்களுக்குப் பயணம் புதிதல்ல. அவர் பினாங்கில் நூல் வியாபாரத்தை முடித்துக்கொண்டு நகரிக்குத் திரும்பிய பிறகு, காசி, பத்ரி, கதிர்காமம் என்று இருவரும் சுற்றிவிட்டார்கள். திருப்பதியில் ஹோட்டல் வைத்திருந்த நண்பன் முனிகிருஷ்ணனும் அவன் மனைவி மல்லிகாவும் எப்போதும் கூட வருவார்கள். மூன்றாம் வகுப்பில் நசுங்கி, கிடைத்த இடத்தில் படுத்துப் பழகியவர்கள். இந்த முறைதான் செங்கல்வராயன் சொகுசு கேட்டார். கப்பலில் தனி அறை வேண்டும். தினம் ஒரு ஊர் என்று ஓடக்கூடாது. தங்குகிற இடம் தோட்டத்தைப் பார்த்தபடி இருக்கவேண்டும். திருத்தணி மெட்ராசுக்கா ஆந்திராவுக்கா என்று ஊரெல்லாம் கூட்டம் போட்டுக்கொண்டிருந்தபோதும், "நாம எந்த ராஜ்யம்னு முடிவாவறதுக்குள்ள நான் ஜப்பான் போய் வந்துடுவேன்" என்றார்.

தாட்சாயணிக்கு அதுதான் விளங்கவில்லை. பினாங்கு ஜப்பான்காரர்களின் கையில் இருந்த காலத்தில், தகப்பனோடு இருந்த கோவர்த்தனன் சயாமுக்கு, அவர்கள் போட்ட ரயில்பாதை வேலைக்குப் போனான். அவர்களுக்கு அவன் ஒரே பிள்ளை. திரும்பவில்லை. யுத்தத்துக்கு முன்பே ஊருக்கு வந்துவிட்ட அவளுக்கு, அவன் செத்தான் என்று சொல்ல யாரும் வரவில்லை. அதனால் திதி கொடுக்க அவள் சம்மதித்ததில்லை. வாசலில் ஆண்குரல் செருமினால் இன்றைக்கும் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பாள். அந்த தேசத்துக்கு விருந்தாளியாகப் போக இவருக்கு எப்படி மனம் வருகிறது? அவள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

கஞ்சிப் பாத்திரத்தைக் கழுவிவிட்டு வந்து பார்த்தபோது அவர் கண் திறந்திருந்தது. மூச்சு இல்லை.

மறுநாள் காலை சடங்கு செய்ய வந்தவர் தர்ப்பையைப் பிரித்தபடி கேட்டார். "கொள்ளி வெக்கறது ஆரு? புள்ளையா?"

"பெரியப்பாவுக்குப் புள்ள இல்ல. நான் தம்பி மகன்," என்றான் ஈர வேட்டியோடு நின்ற பாலசுந்தரம்.

"இருக்கான்," என்றாள் தாட்சாயணி.

சுற்றியிருந்த பெண்களின் அழுகை நின்றது.

"வெளியூர்ல கீறான். அவனுக்குப் பதிலா இவன் செய்றான்னு சொல்லி செய்யுங்க."

"பேரு?"

"கோவர்த்தனன்."

அவர் அப்படியே செய்தார். ஒவ்வொரு முறை நீர் விடும்போதும் அந்தப் பெயரை உரக்கச் சொன்னார். பல வருடங்களாக அந்த வீட்டில் யாரும் உரக்கச் சொல்லாத பெயர். ஒவ்வொரு முறையும் தாட்சாயணி தெருவைப் பார்த்தாள்.

சுடுகாட்டிலிருந்து திரும்பிக் குளித்துவிட்டு, முனிகிருஷ்ணன் கூடத்தில் வந்து உட்கார்ந்தான்.

"கப்பல் கம்பெனிக்கு இன்னா சொல்லட்டும் அண்ணி?"

"அந்த வெந்நீர் ஊர்ல இன்னா கீது? சாவற வரைக்கும் அதையே சொல்லிக்கினு இருந்தாரு."

அவன் துண்டை மடித்தான். பிரித்து, மறுபடி மடித்தான். "அண்ணன் உங்ககிட்ட சொல்லலியா?"

"இல்ல."

"பினாங்குல அவரு கடை மாடியில ஒரு ஜப்பான் ஆபீசர் இருந்தானாம். மோரின்னு பேரு. சாயங்காலம் டீ குடிக்க கீழ வருவான். 'எங்க ஊர்ல மலைமேல வெந்நீர் ஊத்து கீது, எங்க குடும்பம் அங்க விடுதி நடத்துது, சண்ட முடிஞ்சா நீ வரணும்'னு சொல்லுவானாம். கணக்கெழுதற வேலைன்னு கோவர்த்தனன கூட்டிக்கினு போனது அவன்தான்."

பந்தல் பிரிக்கிற ஆட்கள் வெளியே தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அந்த ஆபீசர் உசுரோட கீறானா?"

"தெரியாது அண்ணி. விடுதி கீது. கம்பெனிக்காரன் குடுத்த புத்தகத்துல படம் போட்டிருக்கான். அண்ணன் சொன்னாரு, 'அவன் வாசல்ல கூலி மாரி போய் நிக்கக் கூடாது, முனிகிருஷ்ணா. நல்ல ரூம் எடுத்து, அவன் குனிஞ்சு உள்ள கூப்புடணும். எதிர்ல உக்காந்து டீ ஊத்தணும். குடிச்சு முடிச்சிட்டு அப்பறம் கேக்கணும்'னாரு."

எதைக் கேட்பது என்று தாட்சாயணி விசாரிக்கவில்லை; அவளுக்குத் தெரியாததா?

"எல்லாத்தையும் ரத்து பண்ணிடறேன்," என்றான் அவன். "நானும் மல்லிகாவும் போவல."

"அவரு எடத்த மட்டும் ரத்து பண்ணு."

முனிகிருஷ்ணன் நிமிர்ந்து பார்த்தான்.

"டீ குடுக்கறப்ப அங்க எப்படி உக்காருவாங்க?" என்றாள்.

 அவன் அந்தப் புத்தகத்துப் படத்தில் பார்த்தபடி முழங்காலை மடித்துக் குதிகால்மேல் உட்கார்ந்து காட்டினான். தாட்சாயணியும் புடவையை ஒதுக்கிக்கொண்டு அதுபோலவே உட்கார்ந்தாள்.

"முதுகு நேரா. கை ரெண்டும் மடியில."

அவனே கால் வலித்து எழுந்துவிட்டான். "போதும் அண்ணி. மரத்துப் போவும்."

அவள் எழுந்திருக்கவில்லை. துக்கம் விசாரிக்க வந்த இரண்டு பெண்கள், எதிரே யாருமில்லாமல் அவள் அப்படி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, உள்ளே வராமல் நிலைப்படியிலேயே நின்றார்கள்.