ஐந்தாவது கையெழுத்து

கட்டடத்து மேனேஜர் ஆனந்த்ராஜ் ஒரு தாளை நீட்டியபோது கிளாரா டீச்சர் திரைச்சீலைகளை மாற்றிக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மகள் டெய்சியைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். ஆனந்த்ராஜ் வாசலில் நின்றபடியே தணிந்த குரலில் விஷயத்தைச் சொன்னார். எதிர் வீட்டு முத்துப்பேச்சியை, இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வாடகைக் கட்டடத்தில் சாவு விழுந்தால் அப்புறம் குடிவர ஆள் யோசிப்பார்கள் என்று சென்னையிலிருக்கும் ஓனர் பயப்படுகிறார். ஊருக்குக் கூட்டிப்போகச் சொல்லி மற்ற ஐந்து குடித்தனக்காரர்களும் எழுதிக் கொடுத்தால் நல்லது. நான்கு வீட்டில் போட்டுவிட்டார்கள்.

"நீங்க ஒருத்தர்தான் பாக்கி டீச்சர். உங்க வீட்லயும் நல்ல காரியம் பேசப் போறீங்க."

யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சுவரில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டாள். கணவர் சூசை லாரி மோதி இறந்தபோது டெய்சி ஆறாம் வகுப்பு. அந்த மாதம் முழுக்க அவளுக்குத் தலைவாரிப் பள்ளிக்கூடம் அனுப்பியவள் முத்துப்பேச்சி. அன்று மாலை ஜெபமாலை சொல்லும்போது எத்தனையாவது மணியில் இருக்கிறோம் என்பது கிளாராவுக்கு இரண்டு முறை தப்பிப்போனது.

சனிக்கிழமை காலை கதவு தட்டப்பட்டது. முத்துப்பேச்சியின் கணவர் பொன்னழகு. பூ மார்க்கெட்டில் கடை வைத்திருப்பவர், அதட்டிப் பேசியே பழகியவர், அன்று சத்தமில்லாமல் நின்றார். வண்டி வந்திருச்சு, செத்த நேரம் ஒரு கை பிடிக்க முடியுமா என்று கேட்டார். வத்தலக்குண்டுக்கு அந்தப் பக்கம் அவருடைய அண்ணன் வீட்டில் ஓர் அறை ஒழித்துத் தந்திருக்கிறார்களாம்.

லிஃப்ட் இல்லாத கட்டடம். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, ஆளுக்கொரு பக்கம் பிடித்து இரண்டாம் மாடியிலிருந்து இறக்கினார்கள். அவளிடம் எடையே இல்லை. முதல் மாடியில் ஓடிக்கொண்டிருந்த டிவி, அவர்கள் நெருங்கியதும் நின்றது. கதவு திறக்கவில்லை. படி திரும்பும் இடத்தில் நாற்காலியை வைத்துவிட்டுப் பொன்னழகு வண்டிக்காரரைக் கூப்பிடக் கீழே போனார்.

முத்துப்பேச்சி கண்ணைத் திறந்தாள்.

"அந்தப் பேப்பர எங்க வீட்டுக்காரக எங்கிட்டயும் காட்டுனாக. உங்க கையெழுத்துதான் வாசிக்கிற மாதிரி இருந்துச்சு டீச்சர்."

கிளாரா நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"கோவமெல்லாம் இல்ல. அந்த ஊர்ல எனக்கு யாரையும் தெரியாது, அதான். நாளைக்கு டெய்சிக்கு அந்தப் பச்சச் சேலைய கட்டிவிடுங்க. எடுப்பா இருக்கும்."

அதற்குள் ஆட்கள் மேலே வந்துவிட்டார்கள்.

ஞாயிறன்று வந்தவர்கள், எதிர் வீடு பூட்டிக் கிடக்கிறதே என்று கேட்டார்கள். ஊருக்குப் போயிருக்கிறார்கள் என்றாள் கிளாரா. டெய்சி தட்டோடு உள்ளே போனவள் வெகுநேரம் திரும்பி வரவில்லை.

புதன்கிழமை மதியம், எல்லாம் முடிந்த பிறகுதான் பொன்னழகு போன் செய்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்த கிளாரா துவைத்த துணிகளோடு மொட்டைமாடிக்கு ஏறினாள். கொடிக் கம்பியில் முத்துப்பேச்சியின் நைட்டி ஒன்று அப்படியே தொங்கியது, ஐந்து நாள் வெயிலில் விறைத்து. மற்ற வீட்டுத் துணிகள் இரண்டு பக்கமும் நெருக்கியடித்துக் கிடந்தன. அதைச் சுற்றி மட்டும் ஒரு கை அகலத்துக்கு யாரும் எதையும் போட்டிருக்கவில்லை. மலைக்கோட்டைப் பக்கமிருந்து காற்று வந்தபோது எல்லாத் துணிகளும் ஒன்றாகப் புடைத்து எழுந்தன. வாளியைக் கீழே வைக்காமல் கிளாரா நின்றுகொண்டிருந்தாள்.